இசைவாணருக்குச் சிறையா, சிகிச்சையா?

போதைப் பொருளுக்கு ஆட்பட்ட ஒருவரைச் சட்டம் குற்றவாளியாகக் கொள்ள வேண்டுமா, நோயாளியாகக் கொள்ள வேண்டுமா என்னும் வினா புதியதன்று. அவர் பேரும் புகழும் பெற்ற இசைவாணராக இருந்துவிட்டால் அவ்வினா ஊரறிய எழுகிறது. மற்றவருடைய துன்பம் காவல் நிலையக் குறிப்பேட்டோடு முடிந்துவிடும். பாடகரின் துன்பமோ செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஆதலின், இவ்வினாவுக்குரிய சான்றுகளை ஓரிடத்தில் திரட்டிக் காண விரும்புவோர்க்கு அமெரிக்க ஜாஸ் இசையின் வரலாறு பெரிதும் பயன்படும். 1940 முதல் 1960 வரையுள்ள இருபது ஆண்டுகளில் அவ்விசையின் முன்னணிக் கலைஞர் பலர் ஹெராயின் பழக்கத்தில் சிக்கினர். சிலர் சிறைக்குச் சென்றனர். சிலர் மருத்துவமனைக்குச் சென்றனர். இரண்டையும் கண்டு மீண்டவரும் உண்டு.

ஜாஸ் நமக்கு முற்றிலும் அயலான இசையன்று. பம்பாய் தாஜ் ஓட்டலில் 1930களிலேயே நீக்ரோக் கலைஞர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின அமெரிக்கர் வந்து வாசித்தனர். அவர்களுள் ஒருவரான டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக் கலைஞர் 1945இல் கல்கத்தாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். அந்நகரின் பார்க் தெரு விடுதிகளில் நெடுங்காலம் இவ்விசை ஒலித்தது. கச்சேரி மேடையில் நம் வித்துவான் இராகத்தை அப்போதைக்கப்போது விரித்துச் செல்வதுபோல, ஜாஸ் கலைஞரும் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நினைத்தபடி கற்பனை செய்துகொண்டே போவார். ஒருநாள் வாசித்தபடி மறுநாள் வாசிப்பதில்லை. அத்தகைய வித்தை நாள்தோறும் ரசிகர்முன் பழகினாலன்றி நிலைப்பதில்லை. இதனை நினைவிற் கொண்டால், பின்னே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பில்லி ஹாலிடே என்ற பாடகியின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1915இல் பிறந்து, வறுமையிலும் கொடுமையிலும் வளர்ந்து, முறையான பயிற்சி ஏதுமின்றியே அமெரிக்காவின் தலைசிறந்த பாடகியருள் ஒருவராக உயர்ந்தவர் அவர். 1947ஆம் ஆண்டு போதைப் பொருள் வைத்திருந்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றத்தில் குற்றத்தை மறுக்கவில்லை. தம்மை மருத்துவமனைக்கு அனுப்புமாறு வேண்டிக்கொண்டார். கிடைத்ததோ ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஆல்டர்சன் என்னுமிடத்திலுள்ள மகளிர் சிறையில் அடைக்கப்பட்டு, 1948 மார்ச்சு மாதம் விடுதலையானார். சில நாட்களில், அதாவது மார்ச்சு 27ஆம் தேதி, நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அவருடைய கச்சேரி நடந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது.

இதைக் கேட்போர், ‘தண்டனை முடிந்தது, கலைஞர் மீண்டார், இனி என்ன குறை?’ என்று எண்ணலாம். குறை அங்கேதான் தொடங்குகிறது. நியூயார்க் நகரில் மது விற்கும் இடங்களில் பணிபுரிவோர் அனைவரும், பரிமாறுவோர் முதல் பாடுவோர் வரை, காவல்துறையிடம் கைரேகை கொடுத்து ஓர் அனுமதி அட்டை பெறவேண்டும் என்ற விதி 1940இல் ஏற்பட்டிருந்தது. போதைப் பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர்க்கு அவ்வட்டை மறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அமரும் கார்னகி மண்டபத்தில் அந்நாளில் மது விற்கவில்லை. ஆகவே அங்கே பில்லி ஹாலிடே பாடலாம். ஐம்பது பேர் அமரும் சிறு விடுதியில் பாடக்கூடாது! பெரிய மண்டபக் கச்சேரி ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிடைக்கும். விடுதியோ அன்றாடச் சோறு. அதுவே சாதகம் செய்யும் களம். சக கலைஞரைச் சந்திக்கும் இடமும் அதுவே. நீதிபதி விதித்த தண்டனை ஓராண்டும் ஒரு நாளும்தான். காவல்துறை விதித்த தண்டனை அவர் இறக்கும்வரை நீடித்தது. மேல்முறையீடு இல்லாத தண்டனை அது.

தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதைக்கு நேர்ந்தது இதனினும் விந்தையானது. 1951இல் அவரும் நண்பரும் இருந்த காரில் போதைப் பொருள் அகப்பட்டது. நண்பரைக் காட்டிக்கொடுக்க மங்க் மறுத்துவிட்டார். அறுபது நாள் சிறையும், ஆறாண்டு அட்டையின்மையும் அதற்குக் கிடைத்த பரிசு. 1957இல் அட்டை திரும்பக் கிடைத்து ஒரு சிறு விடுதியில் அவர் வாசிக்கத் தொடங்கியபோதுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவ்விரல்களிலிருந்து அந்நகரின் விடுதிகளில் என்னென்ன பிறந்திருக்குமோ, அதைக் கணக்கிட வழியில்லை.

பில்லி ஹாலிடேயின் முடிவைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. 1959 மே மாத இறுதியில் கல்லீரலும் இதயமும் கெட்டு நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். படுக்கையருகே போதைப் பொருள் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறி, சூன் மாதத்தில் நோய்ப்படுக்கையிலேயே அவரைக் கைது செய்தனர். அறைவாயிலில் காவலர் நிறுத்தப்பட்டனர். சூலை 17ஆம் தேதி, தம் 44ஆம் வயதில் காலமானார். மருத்துவமனையே சிறையாகவும் மாறிவிட்ட அந்தக் காட்சி, நாம் எடுத்துக்கொண்ட வினாவை ஒரே அறைக்குள் அடக்கிக் காட்டிவிடுகிறது.

இத்தகைய நிலை எவ்வாறு உருவாயிற்று? 1914இல் இயற்றப்பட்ட ஹாரிசன் சட்டம் பெயரளவில் ஒரு வரிச் சட்டமே. அபின், கொக்கைன் ஆகியவற்றை விற்போரும் மருந்தாகத் தருவோரும் பதிவு செய்துகொண்டு வரி செலுத்த வேண்டும் என்பதே அதன் வாசகம். மருத்துவர் தம் தொழிலின் பொருட்டுத் தருவதற்குத் தடையில்லை என்றும் அதில் இருந்தது. ஆயினும், பழக்கத்துக்கு ஆட்பட்டவர்க்கு அதே பொருளை அளவாகத் தந்து பேணுவது மருத்துவத் தொழிலாகாது என்று 1919இல் நீதிமன்றம் பொருள்கொண்டது. அதன்பின் மருத்துவர்கள் வழக்குக்கு அஞ்சிக் கதவை மூடினர். நோயாளி கள்ளச் சந்தைக்குச் சென்றார். இங்கிலாந்தில் நேர்மாறான வழி பின்பற்றப்பட்டது. 1926இல் ரோல்ஸ்டன் குழு, தக்க நிலையில் மருத்துவரே அளவோடு தரலாம் என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கலைஞர் சிலர் ஐரோப்பாவை நோக்கிக் கப்பலேறியமைக்கு இசையன்றி வேறு காரணங்களும் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

1930 முதல் 1962 வரை போதைப் பொருள் தடுப்புத் துறையின் தலைவராயிருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர் கடுந்தண்டனையில் நம்பிக்கை மிக்கவர். 1951, 1956 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள், இத்தனை ஆண்டுக்குக் குறையாமல் தண்டித்தே ஆகவேண்டும் என்று நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டன. ஜாஸ் கலைஞர் மீது துறையின் கண் தனியே விழுந்தது. அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

இனி, சிறை ஏன் இந்நோயைத் தீர்ப்பதில்லை என்பதைப் பார்க்கலாம். ஹெராயினைத் தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடல் அப்பொருளோடு பொருந்திப் போய்விடுகிறது. திடீரென நிறுத்தினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். எலும்பெல்லாம் முறிவதுபோல் வலிக்கும். வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டும். இவ்வேதனை ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் தணிந்துவிடுகிறது. ‘சிறையில் அடைத்தோம், பொருள் கிடைக்கவில்லை, உடல் தெளிந்தது, ஆள் திருந்தினான்’ என்று அதிகாரிகள் எண்ணுவது இதனாலேதான். ஆனால் தெளிந்தது உடல் மட்டுமே. வேட்கை மூளையில் தங்கிவிடுகிறது. பழைய தெரு, பழைய தோழர், பழைய துயரம் எதுவாயினும் அதனைத் தட்டி எழுப்பிவிடும். இதனினும் அச்சந்தரும் செய்தி ஒன்றுண்டு. நாட்கணக்கில் விலகியிருந்தவரின் உடல் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. விடுதலையான மறுவாரம் அவர் பழைய அளவையே எடுத்துக்கொண்டால், அந்த அளவே உயிரைக் குடித்துவிடும். சிறையிலிருந்து வெளிவந்த முதற்சில வாரங்களே இந்நோயாளிக்கு மிக ஆபத்தான காலம் என்பதை இன்றைய மருத்துவம் ஐயமறக் கண்டுள்ளது.

அப்படியானால் சிகிச்சையே நீதி என்று முடிவுகட்டி எழுந்துவிடலாமா? அவ்வளவு விரைவாக எழ இயலாது. ஏனெனில் சிகிச்சை என்ற பெயரில் நடந்தவை எல்லாம் சிகிச்சையாக இருந்ததில்லை.

கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகருக்கருகே, 1935இல், ஆயிரம் ஏக்கர் நிலத்தில் அமெரிக்க அரசு ஒரு பெரிய நிலையத்தை அமைத்தது. மக்கள் அதனைப் ‘போதைப் பண்ணை’ என்றே அழைத்தனர். தண்டனை பெற்றவரும் அங்கிருந்தனர். தாமாக வந்து சேர்ந்தவரும் இருந்தனர். மாடு வளர்த்தல், பயிர் செய்தல், தையல், தச்சு எனப் பல வேலைகள். இசைவாணர் பலர் வந்து சேர்ந்தமையால் அங்கே எப்போதும் வாத்தியக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை! நோக்கம் உயர்ந்ததுதான். கட்டடத்துக்கோ கம்பிச் சன்னல்கள். தாமாக வந்தவருள் பலர் சிகிச்சை முடியுமுன்னரே வெளியேறினர்; முடித்துச் சென்றவருள்ளும் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினர். அங்கிருந்த ஆராய்ச்சிப் பகுதியில் கைதிகள்மீது புதுமருந்துகளைச் சோதித்துப் பார்த்ததும், அதற்கு இசைந்தவர்க்குப் போதைப் பொருளையே கூலியாகத் தந்ததும் 1975இல் அமெரிக்க மேலவையின் விசாரணையில் வெளிவந்தன. குடிநோயாளிக்குக் கள்ளைக் கூலியாகத் தரும் மருத்துவரை நம் ஊரில் என்ன சொல்லி அழைப்போம்?

எனினும் அந்த லெக்சிங்டனிலிருந்தே ஒருவர் மீண்டு வந்தார். சானி ரோலின்ஸ் என்ற சாக்சபோன் கலைஞர் அவர். 1950இல் ஆயுதமேந்திய கொள்ளை வழக்கில் சிக்கி நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பத்து மாதம் இருந்தார். வெளிவந்தவர், ஹெராயின் பயன்படுத்தியதால் விடுவிப்பு நிபந்தனையை மீறியவராகி 1952இல் மீண்டும் கைதானார். சிறை இருமுறை முயன்று பார்த்தாயிற்று. 1955இல் அவர் லெக்சிங்டன் சென்றார். மெதடோன் என்ற மருந்தைக் கொண்டு அப்போது சோதனை முறையில் நடந்துவந்த சிகிச்சையைப் பெற்றார். சார்லி பார்க்கர் என்ற மாமேதையே அக்காலத்து இளைஞர்க்கெல்லாம் வழிகாட்டி. பார்க்கரின் வாசிப்பு போதையிலிருந்து வந்ததென எண்ணி அவர்போல் கெட்டவர் பலர். அவ்வெண்ணத்தைப் பார்க்கரே கண்டித்துக் கூறியதுண்டு. தாம் நலம்பெற்றதைப் பார்க்கரிடம் காட்ட வேண்டும் என்று ரோலின்ஸ் விரும்பினார். ஆனால் அவர் லெக்சிங்டனில் இருந்தபோதே, 1955 மார்ச்சு 12ஆம் தேதி, பார்க்கர் 34ஆம் வயதில் இறந்துவிட்டார்.

நிலையத்தை விட்டு வெளிவந்த ரோலின்ஸ் உடனே மேடையேறவில்லை. சிகாகோ நகரில் தங்கி, கட்டடங்களைத் துப்புரவு செய்வது போன்ற கூலி வேலைகளைச் செய்தார். விடுதிக்குள் நுழைந்தால் பழைய தோழர் நீட்டும் பொட்டலத்தை மறுக்க இயலுமா என்ற அச்சம் அவரை வாட்டியது. அவ்வாண்டின் இறுதியில் கிளிஃபர்டு பிரவுன், மாக்ஸ் ரோச் ஆகியோரின் குழுவில் சேர்ந்தார். பிரவுன் போதையைத் தொடாதவர். போதையின்றியும் சிகரத்தில் நின்று வாசிக்க இயலும் என்பதற்கு உயிருள்ள சான்று அவர். மறு ஆண்டில் ரோலின்ஸ் பதிவு செய்த இசைத்தட்டு இன்றளவும் போற்றப்படுகிறது. என் கருத்தில், அவரை மீட்டது மருந்து மட்டுமன்று. மருந்துக்குப் பின்னர் அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு நல்ல குழுவும், வாசிக்க ஒரு மேடையும் இருந்தன. பில்லி ஹாலிடேயிடமிருந்து பறிக்கப்பட்டது இதுவே. ஆகவே, ‘எத்தனை மாதம் அடைத்தார்கள்?’ என்பதைவிட, ‘வெளிவந்தபின் தொழிலுக்குத் திரும்ப விட்டார்களா?’ என்பதே நீதியை அளக்கும் கோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசே தன் தவற்றைத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. ஹாம்ப்டன் ஹாஸ் என்ற லாஸ் ஏஞ்சலஸ் பியானோக் கலைஞர் 1958இல் கைதாகிப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்த அரசுச் சிறை மருத்துவமனையில் அவரை வைத்தனர். 1961இல் கென்னடி பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் கண்டார். ‘இவரிடம் முறையிட்டுப் பார்ப்போம்’ என்று துணிந்து மன்னிப்புக்கு மனுச் செய்தார். உடனிருந்தோர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் 1963இல் குடியரசுத் தலைவரின் கருணை ஆணை வந்தது. ஹாஸ் வெளிவந்து மீண்டும் வாசித்தார். தம் வரலாற்றையும் நூலாக எழுதினார்.

நீதிமன்றத்தின் எண்ணமும் அதற்குச் சற்று முன்பே மாறத் தொடங்கியிருந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில், போதைப் பழக்கம் உடையவராக இருப்பதே குற்றம் என்றும், அதற்குக் குறைந்தது 90 நாள் சிறை என்றும் ஒரு சட்டம் இருந்தது. ராபின்சன் என்பவரின் வழக்கில் 1962இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. பொருளை விற்பதையும் வைத்திருப்பதையும் தண்டிக்கலாம்; ஒரு நிலையில் இருப்பதைத் தண்டிப்பது சளி பிடித்தவனைத் தண்டிப்பது போலாகும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்குத் தொடுத்த ராபின்சன் அத்தீர்ப்பைக் கேட்க இல்லை. அவர் முந்தைய ஆண்டே போதைப் பொருளின் மிகையால் இறந்திருந்தார்; அச்செய்தி நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கவில்லை. லெக்சிங்டனில் பணிபுரிந்து மனம் வெதும்பிய மேரி நைஸ்வாண்டர் என்ற பெண் மருத்துவர், வின்சென்ட் டோல் என்பவருடன் சேர்ந்து, மெதடோன் மருந்தை நாள்தோறும் தந்து நோயாளியை நிலைப்படுத்தி வேலைக்கு அனுப்பும் முறையை நியூயார்க்கில் வகுத்தார். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1965இல் வெளிவந்தது. இன்று பல நாடுகளில் வழங்கும் சிகிச்சைக்கு அதுவே தொடக்கம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இச்சொல் என்னை நெடுநாள் தொல்லைப்படுத்தியது. ஆங்கிலத்தில் ‘அடிக்ட்’ என்பதைத் தமிழில் ‘போதைக்கு அடிமை’ என்கிறோம். அடிமை என்பது கொடுஞ்சொல்லாயிற்றே, நோயாளியை அவ்வாறு அழைக்கலாமா என்று தயங்கினேன். ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடியபோது வியப்பே காத்திருந்தது. பண்டை ரோமாபுரியில் கடனைத் தீர்க்க இயலாதவனை நீதிபதி தம் தீர்ப்பால் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனுக்கு இலத்தீனில் ‘அடிக்டுஸ்’ என்று பெயர். ஆக, ரோமானிய அடிமையும் தீர்ப்பினால் உண்டானவனே! ‘ஆட்பட்டவர்’ என்ற சொல்லே எனக்கு இப்போது உவப்பாயுள்ளது. இறைவனுக்கு ஆட்பட்டதைப் பாடிய மொழியில் அச்சொல் இழிவு தருவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம், 27ஆம் பிரிவின்படி, உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. ஹெராயின், கொக்கைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் வேறு இரண்டு கதவுகளும் உள்ளன. 39ஆம் பிரிவின்படி, ஆட்பட்டவர் ஒருவர் இக்குற்றத்துக்காகவோ சிற்றளவு தொடர்பான குற்றத்துக்காகவோ தண்டனைக்குரியவரானால், நீதிமன்றம் அவர் இசைவுடன், உடனே சிறைக்கு அனுப்பாமல், அரசு ஏற்ற மருத்துவ நிலையத்துக்கு அனுப்பலாம். 64அ என்ற பிரிவு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது: தாமாகச் சிகிச்சையை நாடுபவர் மீது அத்தகைய குற்றத்துக்கு வழக்கு நடவாது. ஹெராயினில் 5 கிராம் வரை சிற்றளவாகக் கொள்ளப்படுகிறது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, வழக்குமன்ற மொழியும் அறியாத நம்மவர்க்கு இப்பிரிவுகள் இருப்பதே தெரிவதில்லை. தில்லியிலோ லூதியானாவிலோ ஒரு குடும்பத்துக்கு இத்துன்பம் நேருமாயின், வழக்கறிஞரிடம் இவ்விரு எண்களையும் சொல்லிக் கேட்பது நலம். நாவின்கீழ் வைத்துக் கரைக்கும் புப்ரநார்ஃபின் என்ற மருந்தும், மெதடோனும் நம் அரசின் சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில் தரப்படுகின்றன. சமூக நீதித் துறையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.

64அ பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. சிகிச்சையை முழுவதும் முடிக்காதவர்க்கு அளித்த பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்பது அது. சட்டம் எழுதியோரின் எண்ணம் புரிகிறது. சிகிச்சை என்று சொல்லித் தப்புவோரைத் தடுக்க வேண்டும். ஆனால் பாதியில் விட்டுப்போவதும் மீண்டும் வீழ்வதும் இந்நோயின் இயல்பே என்பதை மேலே கண்டோம். காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தினால் தேடிச் சென்று மீண்டும் தருகிறோம், கைவிலங்கோடு செல்வதில்லை.

‘கலைஞர் என்பதற்காகச் சலுகையா? ரிக்‌ஷா இழுப்பவன் செய்தால் சிறை, பாடகன் செய்தால் மருத்துவமனையா?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. சலுகை கூடாது, இருவர்க்கும் மருத்துவமனையே வேண்டும் என்பதே அதற்கு விடை. ரிக்‌ஷா இழுப்பவர்க்கு அவருடைய வண்டியே மேடை. உரிமத்தைப் பறித்துவிட்டு ‘திருந்தி வாழ்’ என்றால் அவரும் எங்கே போவார்? அதேபோல், போதை என்பதால் பிற குற்றம் மறைந்துவிடாது. ரோலின்ஸ் ஆயுதத்தோடு கொள்ளையிட முனைந்தார். அதற்குச் சிறை சென்றதை அநீதி என்று நான் சொல்லமாட்டேன். பொட்டலம் விற்றுப் பிறர் பிள்ளைகளைக் கெடுப்பவனுக்கும் என்னிடம் இரக்கமில்லை. தன் உடலை மட்டும் கெடுத்துக்கொண்டவரைப் பற்றியதே இவ்வழக்கு.

நியூயார்க் நகரின் கைரேகை அட்டை 1967இல் ஒழிக்கப்பட்டது. பில்லி ஹாலிடே இறந்து எட்டாண்டு ஆகியிருந்தது. ரோலின்ஸ் அப்பத்தாண்டின் இறுதியில் யோகமும் வேதாந்தமும் பயில இந்தியா வந்து, பம்பாயில் பவாய்ப் பகுதியிலுள்ள சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் தங்கினார். பின்னர் நாடு திரும்பி நாற்பதாண்டுக்கு மேல் வாசித்தார். 2011இல், எண்பது வயதில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் கையால் தேசியக் கலைப் பதக்கத்தைப் பெற்றார்.